அலவத்துகொடையில் பாராட்டப் போய்ப் பட்ட பாடு

மற்றவர்களின் பலத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. மதுரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், வாசல் பார்ப்பவர் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "ஒருவர் குறையை இன்னொருவர் திருத்துவதை விடுங்கள். யார் எதில் கெட்டிக்காரர் என்று பார்த்து அந்த இடத்தில் அவரை நிறுத்துங்கள். குழு தானாக ஓடும்" என்று பேசிவிட்டு, அவர்கள் வாங்கித் தரும் வடையைத் தின்றுவிட்டு வருவேன். என்னுடைய பலம் எது என்றுதான் இன்னும் தெரியவில்லை. வடை விஷயத்தில் ஏதோ இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து.

இணையத்தில் நான் நடத்திய வகுப்பொன்றைக் கேட்டுவிட்டு, கண்டிக்குப் பக்கத்திலிருந்து டாக்டர் செல்வராணி எழுதியிருந்தார். அலவத்துகொடைக்கு அப்பால் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. மொத்தம் நாலு பேர். நாலு நாள் வந்து இருக்க முடியுமா? கண்டி என்ற சொல்லைப் பார்த்ததும் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். எத்தனை நாள், எதற்கு என்பதையெல்லாம் விமானத்தில்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்டியில் மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் அது செய்தி. இங்கே யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் ஒதுங்கிய தேநீர்க் கடையில், கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார் கடைக்காரர். ரோல்ஸ், பட்டிஸ், மீன் அடைத்த பன், இன்னும் பெயர் தெரியாத முக்கோணங்கள். என்ன உபசாரம், என்ன உபசாரம் என்று கண் கலங்கி, மனம் கோணக்கூடாதே என்று ஒன்பதையும் முடித்தேன். வேண்டியதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார். "அது நாலு பேருக்கு வைக்கிற தட்டுங்க. பரவால்ல, ஒங்களுக்குப் பசி போல" என்றார். கடைக்காரர் மட்டும் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை இடியப்பம். நாங்கள் அதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குழந்தையைப்போல் வளர்க்கிறோம். இவர்கள் சொதியை ஊற்றி, சிவப்பாகத் தேங்காய்ச் சம்பலை வைத்து, அதை மனிதனாக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டோ பதினாலோ சாப்பிட்டேன். அந்த எடையோடு பஸ் நிலையம் போய், "கட்டுகஸ்தோட்டை தாண்டிப் போகுமா?" என்று கேட்டு ஏறி, முன்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அது மதகுருமாருக்கு ஒதுக்கியது என்று தலைக்கு மேலே தமிழிலேயே எழுதியிருக்கிறது. ஒரு பிக்கு ஏறி, என் பக்கத்தில் நின்று, ரொம்பப் பொறுமையாகப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். முழு பஸ்ஸும் என்னையே பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

பஸ் கட்டுகஸ்தோட்டை பாலத்தைத் தாண்டியது. சரியான பஸ்தான் என்று நிம்மதியாகிக் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன். நின்றுகொண்டே தூங்கும் திறமை எனக்கு உண்டு. என் கூட்டங்களில் கற்றது. விழித்தபோது நடத்துநர் என் தோளைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பின்னாலிருந்த பெண் மொழிபெயர்த்தார்: "கலகெதர வந்திருச்சாம். இதுக்கு மேலயும் தூங்கினா குருநாகல் வந்துருமாம்." பாலத்தைத் தாண்டியபின் சாலை இரண்டாகப் பிரியும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் பிந்தி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை, ஒரு பலாமரம், நீள வராந்தாவில் பெஞ்சுகள், பெஞ்சு கொள்ளாத கூட்டம். டாக்டர் செல்வராணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப், மறு கையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் நம்பர் துண்டுகள், கக்கத்தில் கிளினிக் கொப்பிகள், அதாவது நோயாளிகளின் குறிப்பேடுகள். என்னைத் தம் அறைக்குள் இழுத்துக் கதிரையில் உட்காரவைத்து, மேசை டிராயரைத் திறந்து ஒரு விண்ணப்பப் படிவத்தைக் காட்டினார்.

"சார், வெளிப்படையாச் சொல்லிர்றேன். இது டிரான்ஸ்பர் போம். கொழும்புக்கு. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கண்டி ஒபிஸ் தபாலு போகும். இந்த வருசத்துக்கு அதுதான் கடைசி."

"ஏன் டாக்டர்?"

"நம்பரு நாந்தான் குடுக்கிறேன். கொப்பி நாந்தான் தேடுறேன். பிரஷரு நாந்தான் பாக்கிறேன். சில நாளு மாத்திரையும் நாந்தான் எண்ணுறேன். மத்தியானச் சோத்த இருட்டினப்புறம் திங்கிறேன். நாலு பேரு இருக்கோம், ஆனா ஒராள் வேலை செய்ற ஆஸ்பத்திரி சார் இது."

"மத்த மூணு பேரும் அவ்வளவு மோசமா?"

"ஐயோ, தங்கமானவங்க. தனித்தனியா." அவர் இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பார்த்தார், ஒட்டி நிற்கவில்லை என்பதுபோல் உதறினார். "நீங்க வந்து ஒரு டீமாக்கிட்டீங்கன்னா இருக்கேன். இல்லாட்டிப் போறேன். அவங்களுக்கு இது தெரியாது. சொல்லிறாதீங்க."

ரகசியம் என்னிடம் தங்காது. அன்று முழுக்க வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்து காப்பாற்றினேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் பயிற்சி. வட்டமாக உட்கார்ந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். குமாரி மிஸ்ஸி, நர்ஸ். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். சிங்களக்காரர், உயரமானவர், வேலைக்குத் தேவையான அளவு தமிழை அதட்டலாகப் பேசுவார். தில்லைநாதன், மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டிக் குளிரோடு சமாதானமாகாமல் கழுத்தில் மப்ளரோடு இருப்பவர். பரீதா, வாசலும் வராந்தாவும் பார்க்கும் ஊழியர். ஆஸ்பத்திரிக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்து அங்கேயே வாழ்பவர். அவர் பேச்சில் 'சொல்றாங்க' 'செல்றாங்க' ஆகும், 'இருக்கு' 'ஈக்கி' ஆகும். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் பரீதா தாத்தா. என்னைவிட இரண்டு வயது இளையவரைத் தாத்தா என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது.

"ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் பலத்தை, அவர் முகத்துக்கு நேரே, சத்தமாகச் சொல்லுங்கள்" என்றேன்.

குமாரி மிஸ்ஸி பரீதாவிடம் சிங்களத்தில் முணுமுணுத்தார். பரீதா என்னிடம், "மிஸ்ஸி செல்றாங்க, இது நல்லதில்லயாம் சேர்" என்றார். "மூஞ்சிக்கு நேர புகழக்கூடாது. எங்கட ஆக்களும் அப்பிடித்தான் செல்வாங்க."

"ஓம், கூடாதுதான்" என்றார் தில்லைநாதன். அதற்குமுன் அவர்கள் எந்த விஷயத்திலாவது ஒத்துப்போயிருக்கிறார்களா என்று டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்றுதான் தெரிந்தது.

நான் விடுவேனா? கூச்சம், சரியாகிவிடும், எங்கள் ஊரிலும் முதலில் இப்படித்தான் என்று இருபது நிமிடம் நச்சரித்தேன். கடைசியில் தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு, "டொக்டரின்ரை குரலைக் கேட்டாலே பாதி வருத்தம் போயிடும் எண்டு சனம் சொல்லுது" என்றார். டாக்டர் சிவந்துபோய், "குமாரி மிஸ்ஸி ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல" என்றார். மிஸ்ஸி பெருமூச்சுவிட்டு, தில்லைநாதனின் அந்தக் கண்ணாடிக்குத் தப்பி ஒரு பிழையும் போனதில்லை என்றார். அடுத்தது பரீதாவின் முறை. அதற்குள் மழையும் மிஸ்ஸியின் பஸ்ஸும் சேர்ந்து வந்துவிட்டன, எல்லாரும் ஓடினார்கள். பரீதாவை ஒருவரும் பாராட்டவில்லை.

கண்டிக்குத் திரும்பிக் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். தகட்டின் மேல் இரண்டு கரண்டிகளால் ரொட்டி கொத்துபவர் போட்ட தாளம் எனக்காகவே போட்டதாகத் தோன்றியது.

செவ்வாய், சர்க்கரை–பிரஷர் கிளினிக் நாள். சரியான பஸ்ஸில், சரியான இருக்கையில் வந்து இறங்கினேன். வராந்தாவில் கூட்டம் முதல் நாளைப்போல் இரண்டு பங்கு. உள்ளே டாக்டர் எழுந்து வாயைத் திறந்தார். கதவுக் கீல் மாதிரி ஒரு ஓசை வந்தது. மறுபடியும் முயன்றார், அதுவும் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். எனக்கு அது நாலு மலையும் ஒரு நதியுமாகத் தெரிந்தது. குரல் போய்விட்டதாம், தொண்டையைக் காட்டி விளக்கினார்.

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் தில்லைநாதன், கண்ணாடியை இரண்டு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "காலமை கிணத்தடியிலை விழுந்து போச்சு" என்றார், நான்தான் தட்டிவிட்டதுபோல. "கண்ணாடி இல்லாமல் ஒரு குளிசையும் குடுக்கமாட்டன்." குளிசை என்றால் மாத்திரை.

குமாரி மிஸ்ஸியைக் காணோம். கட்டுகஸ்தோட்டையில் பஸ் பழுதாம். பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பிந்தி, பத்தேகாலுக்கு வந்தார். வந்ததும் டாக்டரைப் பார்த்தார், தில்லைநாதனைப் பார்த்தார், பிறகு மூவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் சுவரிலிருந்த கொசு விளம்பரத்தைப் படித்தேன்.

"சேர், இது நேத்து நீங்க செஞ்ச வேல" என்றார் பரீதா, சிரிப்பை அடக்கியபடி. "என்னயப் பத்தி யாரும் ஒண்டும் செல்லல்ல. அல்ஹம்துலில்லாஹ், நான் நல்லா ஈக்கிறேன்."

நல்லாத்தான் இருந்தார். மிஸ்ஸி வருமுன்னே அதைப் பார்த்திருந்தேன். டாக்டரால் பெயர் கூப்பிட முடியாது. வழக்கமாக வரிசையை அதட்டி நிறுத்தும் மிஸ்ஸி அப்போது வந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் பரீதா பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தார்: "பத்தரை பஸ்ஸுக்கு மேல தோட்டத்துக்குப் போற ஆக்கள் எல்லாம் இந்தப் பக்கம்! அக்குறணை ஆக்கள் ஒக்காருங்க, ஒங்களுக்குப் பஸ் ஓடிக்கொண்டே ஈக்கி. சித்தி, நீங்க நடந்து போறதானே, டீ குடிச்சிட்டு வாங்க!"

வரிசை கலைந்து, முணுமுணுத்து, வேறு விதமாகக் கூடியது. மாத்திரையை அன்றைக்கு டாக்டரே எண்ணிக் கொடுத்தார். எனக்குக் குடைகளைக் காக்கும் வேலை தரப்பட்டது. நாற்பது கறுப்புக் குடைகள். திருப்பிக் கொடுத்தபோது எத்தனை குடும்பங்கள் என்னால் குடை மாறிப் போயின என்பது இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் பயிற்சி என்று போனேன். அது விசாரணையாக இருந்தது. மேசையில் என் வண்ண அட்டைகளுக்குப் பதிலாக ஏழு தேசிக்காய் (எங்கள் ஊர் எலுமிச்சை), ஒரு போத்தல் தண்ணீர், உப்பும் காய்ந்த செத்தல் மிளகாயும் கட்டிய ஒரு பொட்டலம். தேசிக்காய் மிஸ்ஸியுடையது; மந்திரித்து வெட்ட வேண்டுமாம். தண்ணீர் பரீதா ஓதி வாங்கி வந்தது. உப்பு மிளகாய் யாருடையது என்று கேட்டேன். மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் செல்வராணி ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தைப் பார்த்தார். கம்பளையிலிருந்து அம்மாவின் உத்தரவாம்.

"எனக்கு உதிலை ஒண்டும் நம்பிக்கையில்லை" என்றார் தில்லைநாதன்.

"அப்ப காலையில கோயிலடியில தேங்கா ஒடச்சது ஆரு?" என்றார் பரீதா.

"அது... வேறை விசயம்."

பாதிக்கப்பட்டவர்களுக்கு முடித்தபின், வாய்க்குச் சொந்தக்காரன் என்பதால் எனக்கும் செய்தார்கள். தலையைச் சுற்றித் தேசிக்காய் வெட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டதும் நான் பதினாறு முறை தும்மினேன். மூன்று மதங்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு நிற்பதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்: என் வாய் ஆபத்தானது.

"சரி, பாராட்ட வேண்டாம்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "குறை சொல்லுங்கள். குறை சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாதே?"

அதற்கு யாரும் என்னை இருபது நிமிடம் நச்சரிக்க விடவில்லை.

"இந்த மனுசி இருக்கிறாவே" என்று பரீதாவைக் காட்டித் தொடங்கினார் தில்லைநாதன். "ஒரு கதைக்காரி. வாற ஆக்களின்ரை வீடு, வளவு, மருமகள், பஸ் எல்லாம் விசாரிச்சு முடிச்சுத்தான் கொப்பியை வாங்குவா."

"இவர் மட்டும் என்னவாம்? ஒரு குளிசய மூணு தரம் எண்ணுவாரு. பழைய குளிசப் பக்கெட்டுகளயும் கொண்டாங்கோ எண்டு ஆக்களத் திருப்பி அனுப்புவாரு. மிச்சத்த எண்ணோணுமாம்!"

மிஸ்ஸியைப் பற்றி இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எல்லாரையும் ஏசுவா. ஆக்கள் பயத்தில உள்ளதெல்லாம் கக்கிருவாங்க." மிஸ்ஸி தலையாட்டி ஏற்றுக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் அட்டவணைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். வழக்கமாக என் தாளில் 'பொறுமை', 'துல்லியம்' என்று வெறும் சொற்கள்தான் விழும். இன்று ஒவ்வொரு வசவும் உருவத்தோடு விழுந்தது. எல்லாருடைய பஸ்ஸும் தெரிந்தவர் ஒருவர். மாத்திரை மிஞ்சுவதைக் கண்டுபிடிப்பவர் ஒருவர். பொய் சொல்ல விடாதவர் ஒருவர். இவர்களை வைத்துக்கொண்டா டாக்டர் இருட்டினபின் சோறு தின்கிறார்?

கேட்டேவிட்டேன். பரீதா டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்கதான் எங்கள ஒண்டும் செய்ய விடுறல்லயே. நான் நம்பர் குடுத்தா சுணங்குதெண்டு வாங்கிக்கொள்றீங்க. மிஸ்ஸி ஏசினா ஓடிவந்து சமாதானம் பண்றீங்க. இவர் எண்ணினா பக்கத்தில நிண்டு நீங்க எண்ணுறீங்க."

டாக்டர் சரசரவென்று துண்டுச் சீட்டில் பதில் எழுதி நீட்டினார். பரீதாவால் வாசிக்க முடியவில்லை. மிஸ்ஸி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். டாக்டரின் எழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே ஜீவன் தில்லைநாதன். அவருக்கோ கண்ணாடி இல்லை. டாக்டர் இன்னொரு சீட்டு எழுதினார். அது எழுதி முடிவதற்குள் பேச்சு இரண்டு குற்றச்சாட்டுகளைத் தாண்டிப் போயிருந்தது. ஐந்தாவது சீட்டோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல், கேட்கத் தொடங்கினார்.

"ஒவ்வொராளும் வந்த வரிசைக்கு நம்பர் குடுக்கிறீங்க" என்றார் பரீதா. "மேல தோட்டத்து ஆக்கள் ஆறு மைல் எறங்கி வாராங்க. அவங்கட பஸ் பத்தரைக்கு. அடுத்தது பின்னேரம். நம்பர் வரமுந்தி பஸ் வந்திரும், மருந்தில்லாமப் பெய்த்திருவாங்க. கிளினிக்குக்கு ஒழுங்கா வாராங்கல்ல எண்டு நீங்க ஏசுவீங்க." டாக்டரின் சீட்டுகளை எடுத்து ஒன்றாக அடுக்கினார். "நீங்க வரமுந்தி ஒரு வருசத்துக்கு மேல டொக்டரே இல்லாம ஈந்திச்சு இந்த எடம். கண்டிக்கு ரெண்டு பஸ் மாறிப் போனோம். நீங்க வியாழக்கெழம போம் அனுப்பப் போறது எங்களுக்குத் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று இரண்டு கையையும் தூக்கினேன். "இவர் செல்லல்ல" என்றார் பரீதா. "ஆனா மூஞ்சியில எழுதி ஈந்திச்சு."

டாக்டர் எழுந்து தம் அறைக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். திரும்பி வந்து, நம்பர் துண்டுகள் இருந்த தகரப் பெட்டியைப் பரீதாவின் மடியில் வைத்தார்.

வியாழக்கிழமை. போம் போக வேண்டிய நாள். மறுபடியும் கிளினிக் நாள். காலை ஆறரைக்கே பரீதா வாசலில் பஸ் நேரப்படி மூன்று பெஞ்சு போட்டிருந்தார். அடுத்து மிஸ்ஸியின் மேசை: பிரஷர் பார்த்து, சீனி, சோறு, மாத்திரை பற்றி விசாரித்து, கொப்பி ஓரத்தில் நாலு சொல் எழுதி அனுப்புவார். தில்லைநாதன், பழைய கண்ணாடி ஒன்றைப் பிளாஸ்டர் சுற்றி மாட்டிக்கொண்டு, பழைய மருந்துப் பக்கெட்டுகளில் மிஞ்சியதை மூன்று தரம் எண்ணினார். எனக்கும் என் பலத்துக்கேற்ற வேலை கிடைத்தது. டாக்டர் அறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது. முதல் ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை வெளியே வரப் பார்த்தார். இடியப்பமும் ஒன்பது பலகாரமும் சேர்ந்த உடம்பைத் தாண்டி அவரால் வர முடியவில்லை.

எட்டாவது தடவை, மிஸ்ஸியின் குரல் கட்டடத்தையே உலுக்கியது. "பொய் சொல்ல வேணாம்! எத்தன மாத்திர?" டாக்டர் என்னைத் தள்ளினார். நான் நகரவில்லை. பிறகு மிஸ்ஸி பேசியது கேட்டது. அதட்டல் போய், மெதுவான, உடைந்த தமிழ். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே உள்ளே வந்தார். மேல் தோட்டத்துக்காரர். இரண்டு வருடமாகச் சர்க்கரை இறங்கவில்லை. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் "போடுறேங்க" என்பார். டாக்டரும் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

"சொல்லு" என்றார் மிஸ்ஸி.

பெரியவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "பொஞ்சாதிக்கும் சீனி வருத்தம் இருக்குதுங்க. முட்டு வலி, அவளால எறங்கி வர ஏலாது. அதான் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. டொக்டரம்மா நல்ல மாதிரிப் பேசுவாங்க, அவங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு..."

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரல் இருந்திருந்தால் ஏதாவது இனிமையாகச் சொல்லியிருப்பார். அந்த இனிமைக்காகத்தான் பெரியவர் இரண்டு வருடம் பொய் சொல்லியிருக்கிறார். பரீதா எட்டிப் பார்த்து, "இவங்கட வீடு ரோட்டுக்கு மேல மூணாவது லயத்து வரிசைல. ரோட்டால ஓட்டோ போகும். செவ்வாய்க்கெழம என்ட மருமகன் சாமான் ஏத்தப் போறான், எறங்கி வாறப்ப அவவக் கூட்டி வருவான்" என்றார். தில்லைநாதன், பெரியவர் வீட்டில் யாரோ இரண்டு பெயரும் எழுதியிருந்த பழைய மருந்துப் பக்கெட்டை எடுத்துவந்து, தாம் நாலு மாதமாகச் சந்தேகப்பட்டதாகவும் ஒருவரும் கேட்கவில்லை என்றும் முறையிட்டார். டாக்டர் வாயில் கைவைத்துக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாசலை விட்டு விலகினேன். அவர் வெளியே வரவில்லை. அடுத்த நோயாளியை அனுப்பும்படி கையைக் காட்டினார்.

இரண்டே முக்காலுக்கு வராந்தா காலி. இப்படியொரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. தில்லைநாதன் வெளியே வந்து, கூட்டம் எங்காவது மறைந்து நிற்கிறதா என்று கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பரீதா வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும் சேர்ந்து நடுங்கும் அந்தப் பண்டத்தை விவரிக்க முயலமாட்டேன். மூன்று கிண்ணம் என்று மட்டும் பதிவு செய்கிறேன். டாக்டர் மத்தியானச் சோற்றை மத்தியானத்தில் சாப்பிட்டார். சாப்பிடும்போது ஒருவரும் போமைப் பற்றிப் பேசவில்லை. நாலு பேரும் அவருடைய கையையே பார்த்தோம். அந்தக் கை டிராயர் பக்கம் போகிறதா என்று.

நாலு மணிக்குத் தபால் பையோடு ஆள் வந்தார். "டொக்டர், கண்டிக்கு ஏதும் இருக்கா?"

டாக்டர் டிராயரைத் திறந்தார். மாதாந்த மருந்துக் கணக்குத் தாளை எடுத்துப் பையில் போட்டார். டிராயரை மூடினார்.

"வேற?"

"இல்ல." மூன்று நாளுக்குப் பின் வந்த முதல் சொல். தவளை சொன்னது போலிருந்தது. எங்களைப் பார்த்து இன்னொன்றும் கஷ்டப்பட்டு வெளியே கொண்டுவந்தார்: "இந்த வருசம் இல்ல. அடுத்த வருசம் பாப்போம்."

ஒருவரும் கைதட்டவில்லை. பரீதா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனார், வழியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. மிஸ்ஸி, செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு மேசை வேண்டும் என்று சண்டையைத் தொடங்கினார். தில்லைநாதன், தம் மேசையைத் தர முடியாது என்றார். நல்ல சூடான சண்டை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. பயிற்சியாளனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பஸ் தரிப்பில் நின்றபோது, பின்னால் டாக்டர் கைப்பையோடு வந்தார். வெயில் இன்னும் பலாமரத்தின் மேலே இருந்தது.

"எங்கே டாக்டர்?"

"தெரியல சார்" என்றார் தவளைக் குரலில், சிரித்துக்கொண்டு. "மூணு வருசத்துல இந்த நேரத்துல வெளியில வந்ததே இல்ல. வீட்டுக்குப் போகலாம்னு பாக்கிறேன்."

அம்மாவுக்குப் போன் போட்டார். "அம்மா, நாந்தான். இப்பப் பொறப்பட்டு வாறேன்."

போனிலிருந்து வந்தது எனக்கே கேட்டது: "யாருடா நீ? எம் மக போனு ஒங்கையில எப்பிடி வந்துச்சு?"

"நாந்தாம்மா, ராணி!"

"ஆம்பளக் கொரல்ல பேசிக்கிட்டு ராணியாம்! வையிடா போன!"

டாக்டரால் பேச முடியவில்லை. பாதி தொண்டை, பாதி சிரிப்பு. போனை என் கையில் திணித்தார். நான் என் மிகச் சிறந்த பயிற்சிக் குரலில், "அம்மா, வணக்கம். நான் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன்" என்று தொடங்கினேன்.

"ஐயையோ, இன்னொருத்தனும் இருக்கான்!"

கம்பளையில் அந்த வீட்டில் என்ன நடந்ததோ, பின்னால் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நான் விளக்கினேன். உங்கள் மகள் நலம். வேலையை விடவில்லை. கொழும்புக்கும் போகவில்லை. இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். மறுமுனையில், இதில் எது நம்ப முடியாதது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"வேல முடிஞ்சிருச்சா? அவளுக்கா?"

"முடிந்துவிட்டது அம்மா."

"சரிங்க" என்றார். "வரச் சொல்லுங்க. ஆனா இவ்வளவு வெள்ளனையா வந்தா சோறு ஆகியிருக்காதுன்னு சொல்லிருங்க."